வேட்டிக்கும் உப்புக் காற்றுக்கும் எது தாங்கும்? ராமநாதபுரம் கடற்கரையில் லைசென்ஸ் கைத்துப்பாக்கித் தேர்வு

"அண்ணே, சட்டைக்குள்ள தெரியக் கூடாது, பாரமும் இருக்கக் கூடாது. எதை வாங்கட்டும்?" லைசென்ஸ் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் கேட்பது இதைத்தான். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்கு வாரக் கூலி கொண்டுபோகிறவர், மண்டபத்தில் இறால் கணக்கு முடித்து இருட்டில் திரும்பும் வியாபாரி, கமுதிப் பக்கம் கரிமூட்டம் போட்டு லோடு அனுப்புகிறவர், ராமநாதபுரத்தில் நகைக்கடை வைத்திருப்பவர், பென்ஷன் வாங்கும் முன்னாள் ராணுவத்தினர் என்று கேட்கிறவர்கள் பலவகை. கேள்வி மட்டும் ஒன்றே.

இணையத்தில் தேடினால் ரூகர் எல்சிபி, சிக் பி365 என்று அமெரிக்கப் பட்டியல்தான் வரும். அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அவை .380, 9 மி.மீ. தோட்டாக்களுக்கானவை. நம் சட்டத்தில் 9 மி.மீ., .380, .455 போன்றவை தடை செய்யப்பட்ட 'போர்' (bore), அதாவது தடை செய்யப்பட்ட குழல் அளவு. சாதாரண லைசென்ஸில் வராது. தனியாள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதும் 1980களின் நடுவிலேயே நின்றுபோனது. ஆகவே புதிதாக வாங்குகிறவர் இலையில் பெரும்பாலும் இருப்பது இரண்டே பதார்த்தம்: .32, .22. அதற்குள்தான் தேர்வு.

இன்னொன்று. மறைத்து எடுத்துச் செல்வதற்கு அமெரிக்காவில் பல மாநிலங்களில் தனி அனுமதி உண்டு. இங்கே கதை தலைகீழ். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 32ஆம் விதிப்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி முழுக்க மூடியே இருக்க வேண்டும். அதற்கென்று செய்த உறையில், உடம்போடு, உங்கள் கட்டுப்பாட்டில். எடுத்துக் காட்டுவதே குற்றம். எனவே 'வெளியே தெரியக் கூடாது' என்பது உங்கள் விருப்பம் இல்லை, நிபந்தனை. சட்டை விலகிப் பிடி தெரிந்தாலும் சிக்கல் உங்களுக்குத்தான்.

எதை வைத்து எடைபோடுவது

கடைக்காரர் முதலில் பேசுவது தோட்டாவின் வேகமும் குழலின் நீளமும். இந்தக் கடற்கரையில் அவை கடைசி வரிசை. முதல் வரிசையில் நிற்க வேண்டியவை வேறு: நீங்கள் தினமும் உடுத்தும் துணி, உப்புக் காற்றும் வேர்வையும், வருடத்துக்கு எத்தனை தோட்டா சுட்டுப் பழகப் போகிறீர்கள் என்பது, கீழே விழுந்தால் வெடிக்காமல் இருக்குமா என்பது, ஒரு ஸ்பிரிங் உடைந்தால் எங்கே போவீர்கள் என்பது. விலை அதற்கும் பிறகு.

துணியிலிருந்து தொடங்குவோம். பெல்ட்டில் மாட்டும் உறை எல்லாமே தடித்த தோல் பெல்ட்டை நம்பிச் செய்தவை. வேட்டிக்கோ கைலிக்கோ மேல் கட்டும் பச்சை பெல்ட் அகலமானது, ஆனால் விறைப்பே கிடையாது. 700 கிராம் எஃகை ஒரு பக்கம் தொங்கவிட்டால் பெல்ட் அந்தப் பக்கம் சரிந்து, துப்பாக்கியின் பிடி உடம்பை விட்டு வெளிப்பக்கம் சாயும். சட்டைக்கு அடியில் ஒரு முட்டு எழும்பும். அந்த பெல்ட்டின் பணப்பையில் போட்டுப் பட்டனைப் பூட்டிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பணப்பை உறை ஆகாது: விசையை (டிரிக்கர்) சுற்றி விறைப்பான மூடி இல்லை, சாவியோ சில்லறையோ விசைக் காப்புக்குள் நுழையலாம். பட்டாபட்டி அண்டிராயர் பாக்கெட்டுக்கும் இதே கதிதான். அங்கே பொடி டப்பாவும் கூட இருக்கும்.

வேட்டியை மடித்துக் கட்டும் ஒவ்வொரு தடவையும் சட்டை இடுப்புக்கு மேலே ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால், முதுகோரமாகச் செருகியது பின்னால் துருத்தும். மெல்லிய வெள்ளைச் சட்டை வேர்த்து ஒட்டிவிட்டால் அச்செடுத்த மாதிரி உருவம் தெரியும். வேட்டியை விடமாட்டேன் என்பவருக்கு இரண்டே வழி: வயிற்றைச் சுற்றிக் கட்டும், உள்ளே விறைப்பான உறை தைத்த எலாஸ்டிக் பட்டை, அல்லது எடை 550 கிராமுக்கு உட்பட்ட துப்பாக்கி. இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. பணம் எடுத்துப்போகும் நாளில் மட்டும் பேண்ட்டும் தடித்த பெல்ட்டும் போட்டுக்கொள்கிறேன் என்பவருக்குக் கதவுகள் அதிகம் திறக்கும்.

அடுத்தது உப்பு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். அதே பிசுபிசுப்பு துப்பாக்கியின் மேலும் படிகிறது. அதோடு இடுப்பு வேர்வை. உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும்: பிஸ்டல் என்றால் ஸ்லைடின் (மேலே முன்பின் நகரும் பாகம்) உடம்புப் பக்கம், ரிவால்வர் என்றால் சிலிண்டரின் (தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளை) பள்ளங்களும் பிடியின் திருகுகளும். நீலப் பூச்சு பார்க்க அழகு. ஆனால் அது மிக மெல்லிய படலம். வாடையில் மழை ஈரம், கச்சானில் உப்பு, சித்திரையில் வேர்வை என்று வருடம் பூராவும் ஏதாவது ஒன்று அதைத் தின்றுகொண்டே இருக்கும்.

இலகு ரிவால்வர்: நிர்பீக் வகை

2014 ஜனவரியில் கான்பூரிலிருந்து வெளிவந்தது நிர்பீக். பெண்களுக்கு என்று அறிமுகப்படுத்திய .32 ரிவால்வர், ஆறு தோட்டா, எடை ஏறத்தாழ 500 கிராம், டைட்டானியக் கலவை. அன்றைய விலை 1,22,360 ரூபாய். பெண்களுக்கு என்று சொன்னாலும் வேட்டி கட்டும் ஆண்களுக்குத்தான் இந்த எடை அதிகம் பொருந்துகிறது.

இதன் பலம் எடை. வயிற்றுப் பட்டையில் வைத்தால் சரியாது, சட்டையை இழுக்காது. காலையிலிருந்து இரவு வரை சுமக்க முடிகிற துப்பாக்கிதான் தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்கும். கனமானதை வாங்கியவர்கள் இரண்டாம் மாதமே பீரோவில் வைத்துவிடுவதைப் பார்க்கலாம்.

பலவீனமும் அதே எடைதான். .32 ரிவால்வர் தோட்டாவின் உதைப்பு பெரிதில்லை. பயப்பட ஒன்றும் இல்லை. பிரச்சினை விசையில். ரிவால்வரில் பின்னால் உள்ள சுத்தியை (hammer) முதலில் இழுக்காமல் நேராக விசையை இழுத்தால், பொதுவாக 4½ முதல் 6 கிலோ இழுப்பு வேண்டும். அரைக் கிலோ பொருளில் ஐந்து கிலோ பலத்தோடு விசையை இழுக்கும்போது குழல்முனை கீழேயோ பக்கவாட்டிலோ நழுவும். குழலும் குட்டை, குறிமுள்ளுக்கும் பின்குறிக்கும் இடையே தூரமும் குறைவு. ஆகவே ஐந்து மீட்டருக்கு மேல் குறி சிதறுகிறது என்று புகார் வந்தால் துப்பாக்கியைத் திட்ட வேண்டாம். அது விரலின் வேலை. உண்மைத் தோட்டா இல்லாமல், சுவரைப் பார்த்து, ஆளில்லாத அறையில் போலித் தோட்டா போட்டுத் தினமும் இருபது இழுப்பு என்று ஒரு மாதம் பழகினால் பாதி சரியாகும்.

டைட்டானியம் துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங், பின், திருகு எல்லாம் எஃகு. வெளியே பளபளப்பாக இருக்க, உள்ளே சுத்தியின் ஸ்பிரிங் துருவேறிப் பலமிழக்கும். அடி மெலிந்து தோட்டா வெடிக்காமல் போகும்போதுதான் அது தெரியவரும்.

எஃகு ரிவால்வர்: பழைய மடிப்பு வகையும் பிரபலும்

கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர்கள் பல வருடங்களாகப் புழக்கத்தில் உள்ளவை. பழைய வெப்ளி பாணியில் நடுவில் மடிந்து திறக்கும்; திறந்ததும் நட்சத்திர வடிவத் தகடு ஆறு வெற்றுக்கூடுகளையும் ஒரேயடியாக மேலே தள்ளும். 2023 ஆகஸ்டில் வந்த பிரபல் அப்படி இல்லை. சிலிண்டர் பக்கவாட்டில் சாய்ந்து திறக்கிறது. தோட்டா இல்லாமல் 675 கிராம், குழல் 76 மி.மீ., மொத்த நீளம் 177.6 மி.மீ. என்று அறிவித்தார்கள்.

பேண்ட் போடுகிறவருக்கு, தினமும் துடைக்கச் சோம்பல்படுகிறவருக்கு, அறுபது வயதைத் தாண்டி ஸ்லைடை இழுக்கக் கை நடுங்குகிறவருக்கு எஃகு ரிவால்வர்தான் என் முதல் சிபாரிசு. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். இந்த ஒரு குணத்துக்காகவே ஈரக் காற்றில் கிடக்கும் தோட்டாக்களோடு வாழ்கிறவர்கள் ரிவால்வரை விடக் கூடாது.

மடிப்பு வகையில் கவனிக்க வேண்டியது மேலே உள்ள பூட்டு. பல வருடம் திறந்து மூடியதில் அது தேய்ந்து, குழலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் லேசாக ஆடும். ஆட்டம் இருந்தால் வாங்காதீர்கள். சினிமாவில் போலக் கையை உதறி மூடும் பழக்கம் அந்தப் பூட்டையும் கீலையும் சீக்கிரம் கெடுக்கும். இரண்டு கையால் மெதுவாக மூட வேண்டும்.

இரண்டு வகைக்கும் பொதுவான கோளாறு நட்சத்திரத் தகடு. நம் ஊரில் உறைக்குள்ளும் பைக்குள்ளும் மணல் போகாமல் இருக்காது. ஒரு மணல் பொடி அந்தத் தகட்டின் அடியில் உட்கார்ந்தால் தகடு முழுக்கப் படியாது. தோட்டாவின் விளிம்பு கால் மி.மீ. வெளியே நிற்கும், சிலிண்டர் சுற்றும்போது பின்சட்டகத்தில் உரசி இறுகிக்கொள்ளும். விசை பாதி வழியில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். பழைய டூத் பிரஷ்ஷால் தகட்டின் அடியைத் துடைத்தால் போதும், மெக்கானிக் வேண்டாம்.

பழைய ரிவால்வரைக் கைமாற்றி வாங்குகிறவர்கள், சுத்தியின் மேல் அடி விழுந்தாலும் ஊசி தோட்டாவைத் தொடாமல் தடுக்கும் அமைப்பு அதில் உண்டா என்று உறுதியாகத் தெரியாதவரை, சுத்திக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்தே தோட்டா போட வேண்டும். ஒரு தோட்டா குறைவதால் நஷ்டம் ஏதும் இல்லை.

.32 பிஸ்டல்: அஷானி

கொல்கத்தா பக்கத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்வது. எட்டுத் தோட்டா மேகசின். தட்டையான உடம்பு, ரிவால்வரின் சிலிண்டர் மாதிரி நடுவில் புடைப்பு இல்லாததால் சட்டைக்குள் மிக அழகாக மறைவது இதுதான். ஒற்றை இயக்க விசை (சுத்தி முன்பே இழுபட்டு நிற்கும் வகை) லேசானது; பழகிய கைக்குக் குறி நன்றாக விழும்.

ஆனால் இது வேலை வாங்கும் துப்பாக்கி. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும்தான் பின்னழுத்தத்தைத் தாங்குகிறது என்பதால் ஸ்பிரிங் கடினம். வேர்த்த கையால், பதற்றத்தில் ஸ்லைடை முழுக்க இழுக்காமல் பாதியில் விட்டால் தோட்டா அறைக்குள் போகாமல் சாய்ந்து நிற்கும். கடையிலேயே பத்துத் தடவை தொடர்ந்து இழுத்துப் பாருங்கள். எட்டாவது தடவை கை தளர்ந்தால் இது உங்களுக்கு இல்லை.

அறையில் தோட்டா ஏற்றி, பாதுகாப்புப் பொத்தானை நம்பி இடுப்பில் வைப்பதா, அறையைக் காலியாக வைத்து மேகசினை மட்டும் போட்டு வைப்பதா? வேகம் முதலாவதில். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வயிற்றை நோக்கியும் தொடையை நோக்கியும் இருக்கும் குழலை ஒரு சின்னப் பொத்தானின் நம்பிக்கையில் நாள் முழுக்க விட, முறையான பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாதவர்களே அதிகம். அறை காலியாக இருந்தால் எடுக்க இரண்டு கையும் ஒரு நொடிக்கு மேல் நேரமும் வேண்டும் என்பது உண்மை. அந்தக் குறையை ஏற்றுக்கொள்ள முடியாதவர் ரிவால்வருக்குப் போய்விடலாம்.

இதில் மேகசின்தான் முதலில் கெடும். கீழே விழுந்து மேல் உதடு அரை மி.மீ. வளைந்தாலே தோட்டா மாட்டும். சட்டைப் பாக்கெட்டில் உதிரி மேகசினைப் போட்டுக்கொண்டு திரிந்தால் நூல் பிசிறும் பொடியும் உள்ளே சேரும். நுனி முழுக்க உலோக உறை போட்ட கேஎஃப் (கிர்கி அரசுத் தொழிற்சாலை) தோட்டாவோடு இது ஒழுங்காக ஓடுகிறது. நுனி குழிந்த குட்டைத் தோட்டாக்களைத் தேடிப் போனால், அரைவிளிம்புத் தோட்டாக்கள் மேகசினுக்குள் ஒன்றோடொன்று விளிம்பில் கோத்துக்கொள்ளும் பழைய வியாதி தலைகாட்டும்.

பழைய சீமைப் பிஸ்டல்கள்

'7.65' அல்லது '.32' என்று அடித்த வால்தர், கோல்ட், வெப்ளி ஆகியவை இன்னும் லைசென்ஸ்தாரர்களிடையே கைமாறுகின்றன. தாத்தா வைத்திருந்தது என்ற மவுசு வேறு. வேலைப்பாடு அருமை, இந்த அளவில் இவ்வளவு சுத்தமாக மறையும் பொருள் வேறில்லை. ஆனால் விலையில் பாதி அந்தப் பெயருக்கு. உதிரி கிடைக்காது; உள்ளூரில் கடைந்து போடும் ஊசியும் மேகசினும் எப்போது ஏமாற்றும் என்று சொல்ல முடியாது. பல பழைய மாடல்களில் பாதுகாப்புப் பொத்தான் விசையின் பிடியை மட்டுமே தடுக்கும், ஊசியைத் தடுக்காது. ஏற்றிய நிலையில் தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 6.35 அடித்த இன்னும் சிறியவற்றுக்குத் தோட்டா தேடியே ஓய்ந்துபோவீர்கள். சேகரிப்புக்குச் சரி. இடுப்புக்கு வேண்டாம்.

.22: நிடர்

இஷாப்பூரின் நிடர் 250 கிராம்தான். எட்டுத் தோட்டா ரிவால்வர், அறிமுகத்தில் ஏறத்தாழ 35,000 ரூபாய். பட்டாபட்டி பாக்கெட்டுக்குள் சரியான உறையோடு வைத்தால் இருப்பதே தெரியாது. உதைப்பு இல்லை.

குறை தோட்டாவின் பிறப்பிலேயே இருக்கிறது. .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்பின் உள்வளையத்தில் தடவப்பட்டிருக்கும். நடுவில் தனிக் குமிழ் கிடையாது. வளையத்தில் மருந்து சமமாகப் பரவாத இடத்தில் சுத்தி விழுந்தால் வெடிக்காது. ஈரத்தில் வைத்தால் இந்தக் கோளாறு கூடும். ரிவால்வர் என்பதால் மறுபடி இழுத்தால் அடுத்தது வரும் என்பதுதான் ஆறுதல். எதிராளியை நிறுத்தும் பலமும் .32ஐ விடக் குறைவு. வேறு எதையும் தூக்க முடியாத மெலிந்த கைக்கு மட்டும் இதைச் சொல்லலாம்.

| பார்க்க வேண்டியது | இலகு ரிவால்வர் .32 | எஃகு ரிவால்வர் .32 | அஷானி .32 | நிடர் .22 |
|---|---|---|---|---|
| வேட்டி, கைலியோடு | வயிற்றுப் பட்டையில் சரி | சரியும் | பட்டையில் ஓரளவு | மிக எளிது |
| பேண்ட், தடித்த பெல்ட் | சரி | சரி | மிக நன்று | தேவையே இல்லை |
| உப்பு, வேர்வை | வெளியே தாங்கும், உள்ளே கவனம் | வாரம் ஒருமுறை துடைத்தால் போதும் | வைத்த நாளெல்லாம் துடைக்க வேண்டும் | வாரம் ஒருமுறை |
| தோட்டா வெடிக்காவிட்டால் | மறுபடி இழு | மறுபடி இழு | இரண்டு கையும் வேண்டும் | மறுபடி இழு |
| பழகக் கடினம் எதில் | விசை | விசை, எடை | ஸ்லைடு, மேகசின், பாதுகாப்பு | குறைவு |

கடைசியில் கணக்கில் ஏறும் செலவுகள்

விலைப்பட்டியலைப் பார்த்துப் பணத்தை எண்ணிக்கொண்டு போகாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது. ஒரு லட்சம் அடக்க விலை என்றால் வரி மட்டும் நாற்பதாயிரம்.

தோட்டாவில் ஒரு கண்ணி இருக்கிறது. ரிவால்வருக்கும் '.32', பிஸ்டலுக்கும் '.32' என்றே பேச்சு வழக்கு. இரண்டும் வேறு வேறு. ரிவால்வர் தோட்டா நீளம் கூடியது, விளிம்பு அகலமானது, ஈயத் தலை. பிஸ்டல் தோட்டா குட்டை, விளிம்பு அரைகுறை, செம்பு உறை போட்ட தலை, உள்ளழுத்தம் அதிகம். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களில் உள்ளே போய் உட்காரவும் செய்யும், அதனால்தான் ஆபத்து. பெட்டியைக் கையில் வாங்கும்போதே ரிவால்வருக்கா, பிஸ்டலுக்கா என்று எழுதியிருப்பதை வாசியுங்கள். வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பது உங்கள் லைசென்ஸில் எழுதியிருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கையாவது பயிற்சிக்கு ஒதுக்காவிட்டால் நீங்கள் வாங்கியது துப்பாக்கி இல்லை, பேப்பர்வெயிட்.

உறைக்குச் செலவு செய்யத் தயங்குகிறவர்கள் அதிகம். ஒன்றரை லட்சத்துக்குத் துப்பாக்கி வாங்கி முந்நூறு ரூபாய் ரெக்சின் உறையில் போடுவது இங்கே சகஜம். விசைக் காப்பை முழுக்க மூடாத உறை எந்த விலைக்கும் வேண்டாம். தோல் உறை என்றால் பகலில் மட்டும். தோல் வேர்வையையும் உப்பையும் உறிஞ்சி வைத்திருக்கும். இரவு முழுக்க அதற்குள்ளேயே விட்டால் பித்தளைக் கூட்டில் பச்சைக் களிம்பும், குழலில் துருப்புள்ளியும் ஒரே வாரத்தில் தெரியும்.

பராமரிப்பில் பலர் செய்யும் தவறு ஒன்று: உப்பு படிந்த துப்பாக்கிமேல் நேராக எண்ணெய் போடுவது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு தன் வேலையைப் பார்க்கும். முதலில் தோட்டாவை எல்லாம் வெளியே எடுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, பிழிந்த ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தண்ணீர் கேன் தண்ணீராகவோ காவிரிக் குடிநீராகவோ இருக்கட்டும். போர் தண்ணீரில் நனைத்தால் உப்பைக் கழுவ உப்பையே தடவியதாகும். பிறகு உலர்ந்த துணி, கால் மணி நேரம் மின்விசிறிக் காற்று, அதற்குப் பிறகே துப்பாக்கி எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. பிசினாகி விசையை இறுக்கும். தோட்டாவுக்கு எண்ணெய் தடவவும் கூடாது, பின்னால் உள்ள குமிழ் வழியே இறங்கி மருந்தைக் கெடுக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைத்தால் போதும்.

அடுத்த செலவு, எடுத்துப்போக முடியாத நாட்கள். திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகிய இடங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது லைசென்ஸின் நிபந்தனை. ராமேஸ்வரம் ஆடி அமாவாசை, ஏர்வாடி சந்தனக்கூடு, தேவிபட்டினம் கூட்டம் என்று நம் மாவட்டத்தில் அந்த நாட்கள் கொஞ்சம் அல்ல. செப்டம்பர், அக்டோபரில் மாவட்டத்தில் தடை உத்தரவு வருவதும் வழக்கம். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே வீட்டில் சுவரோடு போல்ட் போட்ட சின்ன இரும்புப் பெட்டியையும் துப்பாக்கி விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு.

தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரலாம். ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ இரண்டு மூன்று மாதம் கிடக்கும். கொடுப்பதற்கு முந்தின நாள் மேலே சொன்னபடி துடைத்து, இந்தத் தடவை எண்ணெய்க்குப் பதில் மெல்லிய கிரீஸ் பூசி, தோல் உறை இல்லாமல் மெழுகுத்தாளில் சுற்றிக் கொடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இந்த மாதங்களை இரும்பே ஆனாலும் எஃகு ரிவால்வர் நன்றாகத் தாங்குகிறது. ஸ்லைடும் மேகசினும் உள்ள பிஸ்டல் திரும்பி வரும்போது ஒரு முழுச் சுத்தம் கேட்கும்.

யாருக்கு எது

வேட்டியோ கைலியோ மாற்றமாட்டேன், தினமும் எடுத்துப்போவேன் என்பவருக்கு இலகு ரிவால்வரும் வயிற்றுப் பட்டையும். வாரத்தில் ஒரு நாள், கூலி நாளில் மட்டும், பேண்ட் போட்டு என்பவருக்கு எஃகு ரிவால்வர். புதிதாக வாங்குவதென்றால் பிரபல் போன்ற பக்கம் சாயும் வகை. ராணுவத்திலோ போலீஸிலோ இருந்து பிஸ்டலோடு பழகிய கை, தினமும் துடைக்கும் ஒழுங்கு இரண்டும் உள்ளவருக்கு அஷானி. படகில் எடுத்துப்போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். எல்லைக்கோடு பக்கத்தில் இருக்கும் கடலில் லைசென்ஸை நீட்டி விளக்கிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்; உப்புத் தண்ணீர் ஒரே நாளில் செய்வதைக் கச்சான் ஒரு வருடத்தில் செய்யாது.

இருவர் ஆளும் வீட்டில், மனைவிக்கும் தனி லைசென்ஸ் இருந்தால், இருவருக்கும் ஒரே வகை ரிவால்வராக இருக்கட்டும். தோட்டா மாறிப்போகாது. ஒருவர் லைசென்ஸில் உள்ளதை மற்றவர் இடுப்பில் வைக்கக் கூடாது என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடையில் கையில் எடுத்ததும்

முதலில் காலி என்று நீங்களே பாருங்கள், கடைக்காரர் சொன்னாலும். ரிவால்வர் என்றால் விசையை மெதுவாக முழுக்க இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரை அசையுங்கள். மயிரிழை ஆட்டம் பரவாயில்லை, டக் டக் என்று சத்தம் வந்தால் வேண்டாம். ஆறு அறையிலும் இதைச் செய்யுங்கள், ஒரே ஒரு அறை மட்டும் சரியாகப் பொருந்தாமல் இருப்பது உண்டு. பின்னாலிருந்து வெள்ளைத் தாளில் பட்ட வெளிச்சத்தைக் குழலுக்குள் விட்டு முன்னாலிருந்து பாருங்கள்: வரிகள் கூர்மையாகச் சுழன்று போக வேண்டும், கருப்புப் புள்ளி இருந்தால் அது துருக்குழி. பிஸ்டல் என்றால் காலி மேகசினைப் போட்டு ஸ்லைடை இழுங்கள். மேகசின் பொத்தானை அழுத்தினால் தானே கீழே விழ வேண்டும், பிடுங்க வேண்டியிருந்தால் வேறு மேகசின் கேளுங்கள். துப்பாக்கியின் சட்டகத்தில் அடித்த எண்ணும் பில்லில் எழுதும் எண்ணும் லைசென்ஸில் ஏற்றும் எண்ணும் ஒன்றேதானா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். '8'க்குப் பதில் '3' என்று விழுந்த பதிவைத் திருத்த ஆட்சியர் அலுவலகத்துக்கு நடப்பதை விட, கவுண்டரில் ஐந்து நிமிடம் நிற்பது சுலபம்.